காசு கொடுத்து வாங்கிய மண்

இது அரிசி மூட்டை இல்லீங்க தம்பி, மண்ணு. கொஞ்சம் காலை நகத்திக்கிட்டீங்கன்னா கீழ வச்சுருவேன், மடியெல்லாம் ஈரம் எறங்குது. ஆமா, மண்ணுதான். எல்லாரும் இப்படித்தான் பாப்பாங்க, பரவால்ல.

நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல. 'சரி சரி, வையி'ன்னு சொன்னீங்கள்ல, அதுலயே தெரிஞ்சுபோச்சு நம்ம பக்கத்து ஆளுன்னு. மேலூரா? அப்ப நமக்குப் பக்கந்தான், எனக்குத் தேவகோட்டை. பேரு வைத்தியலிங்கம். பெண்டிகோவுல ஏறுனேன். ஏறுனதுலேர்ந்து இந்த ரயில் பெட்டியில ஒரு ஆளு வாயைத் திறக்கல பாருங்க. எல்லாரு காதுலயும் ஒண்ணை மாட்டிவச்சிருக்காங்க. நான் சன்பரியில எறங்கணும். நீங்க மெல்போர்னே போறீங்களா? நல்லதாப் போச்சு. அப்ப எனக்கு முன்னாடி எறங்க மாட்டீங்க.

மண்ணுக்கு வர்றேன். இந்த நாட்டுல மண்ணை மூட்டை கட்டி விக்கிறாங்க தம்பி. போன்லயே ஆர்டர் போடலாம், வீட்டு வாசல்ல கொண்டாந்து வச்சுட்டுப் போயிருவான். ஆத்தங்கரை மண்ணு, அதுல தங்கத்தூள் கலந்திருக்கும். நாம அதைத் தட்டுல போட்டுத் தண்ணிவிட்டு அரிச்சு எடுக்கணும். அரிசி அரிக்கிறது பாத்திருப்பீங்கள்ல, அதே கைவாகுதான். கல்லு போகும், களிமண்ணு போகும், கடைசியில கறுப்பு மணல் கொஞ்சம் அடியில நிக்கும். தட்டை லேசா சாய்ச்சு ஒரு சுத்து சுத்துனா அந்தக் கறுப்புக்குப் பின்னால மஞ்சளா ஒரு கோடு வரும் பாருங்க, நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னுரும். லாபம்லாம் கிடையாது. மூட்டைக்குக் குடுக்குற காசுல பாதிக்குக்கூடத் தங்கம் இருக்காது. பொழுதுபோக்கு. கிறுக்குன்னும் சொல்லலாம். எம் பையன் அப்படித்தான் சொல்றான்.

நான் தங்கத்துக்குப் புதுசு இல்ல. பரம்பரையா நகை வேலை, எங்களை ஊர்ல பத்தர்னு சொல்லுவாங்க. பேங்க்ல நகை மதிப்பீட்டாளரா இருந்தேன். நகைக்கடனுக்கு வர்றவங்க கொண்டாற நகையை உரைகல்லுல உரசிப் பாத்து, இது தங்கம், இது பித்தளை, இதுக்குள்ள அரக்குதான் இருக்குன்னு சொல்றது என் வேலை. நான் தலையாட்டுனாத்தான் மேனேஜர் பேனாவையே எடுப்பாரு. என்னைய ஏமாத்துன ஆளு கிடையாது தம்பி. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், இருக்கட்டும்.

எம் பொஞ்சாதி சௌந்தரம் போனதும் பையன் இங்க கூட்டியாந்துட்டான். செந்தில்நாதன்னு பேரு, கம்ப்யூட்டர் வேலை. மருமக மங்கையர்க்கரசி, மங்கைன்னு கூப்பிடுவோம், ஆஸ்பத்திரியில கைகாலு வராதவங்களுக்குப் பயிற்சி குடுக்குற வேலை. நல்ல வீடு, நல்ல காத்து. ஆனா அந்த வீட்டுல என்கிட்ட பேச ஆளே கிடையாது. காலையில ரெண்டு பேரும் கிளம்பிப் போயிட்டா, பிரிட்ஜ் உறுமுற சத்தம் மட்டுந்தான். அதுவும் அப்பப்ப நின்னுரும். நின்னதும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிரும்.

சாயந்திரம் மங்கை வருவா. தோள்ல கெடக்குற பையைக்கூட எறக்காம, "மாமா சாப்டீங்களா, வெளிய நடந்தீங்களா, கால்வலி எப்படி இருக்கு"ன்னு தொணதொணன்னு ஆரம்பிச்சுருவா. அது பேச்சா தம்பி? அது விசாரணை. நான் 'ம்'னு சொல்லிட்டு ரூமுக்குப் போயிருவேன். ராத்திரிச் சோத்தையும் தட்டுல போட்டுக்கிட்டு ரூமுக்கே எடுத்துட்டுப் போயிருவேன். ரெண்டு பேரும் நாளெல்லாம் உழைச்சுட்டு வந்து உக்காந்திருக்காங்க, நடுவுல நான் எதுக்கு இடைஞ்சலா? எனக்கும் அவங்க பேசுற விஷயம் ஒண்ணும் பிடிபடாது. வீட்டுக்கடன் வட்டி, ஆபீஸ், யாரோ ஒரு டேவிட்.

எங்க ஊர்ல அப்படி இல்ல. சாப்பிட உக்காந்ததும் சௌந்தரம் கேப்பா, "இன்னைக்கு என்ன நகை வந்துச்சு"ன்னு. அன்னைக்கு வந்ததெல்லாம் சொல்லுவேன். காசுமாலை வந்துச்சு, ஒருத்தி கல்யாணமான மறுவாரமே தாலிச்செயினைக் கொண்டாந்து வச்சா, ஒருத்தன் மாமியார் வளையலை உருவிட்டு வந்துட்டான். சோறு தீர்ற வரைக்கும் பேச்சு ஓடும். ரிட்டயர் ஆனதும் அவ கேக்க வேண்டிய கேள்வி இல்லாமப் போச்சு. அப்புறம் நாங்க டிவியைப் போட்டுக்கிட்டுச் சாப்பிட்டோம்.

விஷயத்துக்கு வர்றேன். வந்த புதுசுல ஒரு நாள் மங்கை என்னைய ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனா. பழைய தங்கச் சுரங்கத்து ஊரு. அங்க சுற்றுலா வர்றவங்களுக்கு ஓடையில தட்டைக் குடுத்து அரிக்கச் சொல்லுவாங்க. நான் அரிச்சேன். ஒரு பொட்டுத் தங்கம் வந்துச்சு. பொட்டுன்னா எறும்புக் கண்ணு அளவு. அதைக் கையில வச்சுக்கிட்டு மங்கைகிட்ட என்னென்னவோ பேசியிருக்கேன் போல, வர்ற வழியெல்லாம் பேசுனேனாம். அவதான் அப்புறம் சொன்னா. அதுக்கடுத்த வாரம் எம் பையன் எனக்குத் தட்டு, தூளை உறிஞ்சி எடுக்குற பாட்டில், ஒரு மூட்டை மண்ணு எல்லாம் வாங்கிக் குடுத்தான். ஆர்டர் போட்டது அவதான். இருந்தாலும் கார்டு பையனோடதுல்ல?

அப்படித்தான் கீத்து எனக்குப் பழக்கமானான். கீத்துதான் மண்ணு விக்கிறவன். வெள்ளக்காரன், என் வயசு இருக்கும். மூட்டையைப் பிரிச்சா உள்ள ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். 'குட் லக், மேட். கீத்'. கையால எழுதுனது தம்பி! இந்த நாட்டுக்கு வந்து கரண்ட் பில்லுலேர்ந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் எல்லாம் போன்லதான் வருது. ஒரு மனுசன் பேனாவை எடுத்து எனக்காக எழுதுறான்னா சும்மாவா? மேட்டுன்னா சிநேகிதன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாதா என்ன.

ஒவ்வொரு மூட்டை அரிச்சதும் நான் அவனுக்கு எழுதுவேன். போன்ல அந்தக் கடைக்குள்ளயே எழுதலாம். இன்னைக்கு என்ன கிடைச்சுச்சு, தூளு எப்படி, எங்க ஊர்ல ஆசாரிங்க பட்டறைக் குப்பையை எப்படி அரிப்பாங்க, எல்லாம் விவரமா எழுதுவேன். பேங்க் இங்கிலீசு, ஒரு தப்பு இருக்காது. அவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான். ஒரே ஒரு கட்டைவிரல். என்ன ஒரு அடக்கமான மனுசன்னு நெனச்சுக்குவேன்.

கார் நிறுத்துற கொட்டகையிலதான் என் வேலை. முதல் நாள் ராத்திரியே மண்ணை வாளியில கொட்டி ஊறப் போட்டுருவேன், அப்பத்தான் களிமண்ணு விடும். காலையில பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்டுக்கிட்டா சின்னத் தூளு தண்ணியில மிதக்காது. அப்புறம் குனிஞ்சா நிமிர மாட்டேன். லீவு நாள்ல மங்கை வந்து கொட்டகைப் படியில உக்காந்துக்குவா. "எனக்கும் சொல்லிக் குடுங்க மாமா"ம்பா. நான் சொல்லுவேன், "இதெல்லாம் கை பேசுற வேலைம்மா, வாய் பேசிக்கிட்டே செய்ய முடியாது. நீ போய் உன் வேலையப் பாரு." போயிருவா. கொஞ்ச நேரங்கழிச்சு டீ கொண்டாந்து வச்சுட்டு மறுபடி நிப்பா. கவனம் கலையுமா கலையாதா, நீங்களே சொல்லுங்க.

ஆரம்பத்துல மூட்டைக்கு இவ்வளவு தங்கம்னு கீத்து சொல்லியிருப்பான், அவ்வளவு வரும். ஒரு நாள் அதைவிடக் கூடுதலா வந்துச்சு. கண்ணுக்கு நல்லாத் தெரியிற மாதிரி ரெண்டு துணுக்கு. எனக்குக் கால் தரையில நிக்கல. அன்னைக்குச் சாயந்திரம் அவங்க சாப்பிட உக்காந்திருக்காங்க, நான் அந்தச் சின்ன பாட்டிலைக் கொண்டுபோய் மேசை நடுவுல வச்சேன். "பாருங்கடா"ன்னேன். செந்தில் பாத்தான். மங்கை எந்திரிச்சு எனக்கு ஒரு தட்டு வச்சா. உக்காந்துட்டேன். ஒரு பேச்சிலேர்ந்து ஒண்ணு, பேங்க்ல ஒருத்தன் வெண்கல ஆரத்துக்குத் தங்க முலாம் பூசிக் கொண்டாந்த கதை, சாமியாரு ஒருத்தரு காவித்துணியில முடிஞ்சு கொண்டாந்த அட்டிகை, எல்லாம் வந்துச்சு. செந்தில் சிரிச்ச சிரிப்புல தண்ணி பொறையேறிருச்சு. "அப்பா, இதெல்லாம் நீங்க எங்ககிட்ட சொன்னதே இல்லையேப்பா"ன்னான். நீ எங்கடா கேட்ட?

அதுலேர்ந்து தங்கம் கூடுதலா வர்ற நாள்ல மேசையில உக்காருவேன். வராத நாள்ல என்னத்தைச் சொல்றது, ரூமுலயே சாப்பிட்டுக்குவேன். ஆனா அடிக்கடி வர ஆரம்பிச்சுருச்சு தம்பி. கைராசின்னு நெனச்சேன். தங்கத்தோடயே வாழ்ந்த கை, அதுக்குத் தெரியாதான்னு நெனச்சேன். செந்தில்கிட்டயும் சொன்னேன். அவன் மங்கையைப் பாத்தான். எதுக்குன்னு நான் அப்ப யோசிக்கல.

அப்புறம் ஒரு துணுக்கு வந்துச்சு. பாத்த உடனே மனசுல ஒரு முள்ளு. ஆத்துல உருண்டு வர்ற தங்கத்துக்கு ஓரம் மழுங்கியிருக்கும். இதுக்கு ஒரு பக்கம் நேரா இருக்கு. பூதக்கண்ணாடி வச்சுப் பாக்குறேன், அரம் போட்ட கோடு! உரைகல்லை எடுத்தேன். ஊர்லேர்ந்து வரும்போது துணிமணிக்கு நடுவுல சுத்திக் கொண்டாந்திருந்தேன். உரசுனா செவப்பு ஓடுது. இந்த ஊர் ஆத்துத் தங்கம் அப்படி ஓடாது, மஞ்சளா ஓடும். இது செம்பு சேத்த தங்கம். நம்ம ஊர் நகைத் தங்கம்!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கீத்து, என் சிநேகிதன், பழைய நகையை அராவி மண்ணுல தூவி ஆத்துத் தங்கம்னு விக்கிறான்! வேற யாரா இருந்தாலும் விட்டுருப்பேன். காக்காப்பொன்னைக் காட்டி ஏமாத்துற பயலுகளை எத்தனை பேரைப் பாத்திருக்கேன். ஆனா 'மேட்'னு எழுதிக் குடுத்துட்டு, அதுவும் என்கிட்ட, ஒரு மதிப்பீட்டாளர்கிட்ட! விடுவேனா? உக்காந்து எழுதுனேன். அவனுக்குத் தனியா இல்ல, கடைக்குக் கீழ எல்லாரும் பாக்குற மாதிரி, ஒத்த நட்சத்திரம் போட்டு. நாலு நாள் யோசிச்சு, அடிச்சுத் திருத்தி, ஒரு தீர்ப்பு மாதிரி எழுதுனேன் தம்பி. 'வாழ்நாள் முழுதும் தங்கத்தை மதிப்பிட்டவன் என்ற முறையில்' அப்படின்னு ஆரம்பம்.

போட்டுட்டு, அன்னைக்கு ராத்திரி மேசையில உக்காந்து அதை ரெண்டு பேருக்கும் வாசிச்சுக் காட்டுனேன். நகைத் தங்கம்னாலும் கிடைச்ச தங்கந்தானே, அதனால உக்காந்தேன். செந்தில் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கான், வாயில வைக்கல. மங்கை எந்திரிச்சு உள்ள போனா. திரும்பி வந்து மேசையில என்னமோ வச்சா. ஒரு தோடு. ஒத்தைத் தோடு. அதுலயும் பாதி இல்ல.

"மாமா, அது கீத் இல்ல. நான்தான்."

ஜோடியில ஒண்ணு, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ரயில்ல தொலைஞ்சு போச்சாம். மிச்சமிருந்த ஒத்தையை, நான் ராத்திரி மண்ணை ஊறப் போட்டுட்டுப் படுத்ததும், கொட்டகைக்குப் போய் கொஞ்சம் கொஞ்சமா அராவி வாளியில போட்டிருக்கா. எதால அராவுனா தெரியுமா? நகம் தேய்க்கிற அரத்தால! யாராவது நகம் தேய்க்கிற அரத்தால தங்கத்தை அராவுவாங்களா தம்பி? எவ்வளவு சேதாரம்! கொட்டகைத் தரையில பாதி கொட்டியிருக்கும். அவங்க அம்மா போட்ட தோடு, நல்ல வேலைப்பாடு, திருகாணி வரைக்கும் கையால செஞ்சது.

நான் அதைத்தான் முதல்ல கேட்டேன். "சேதாரம் எவ்வளவு ஆச்சுன்னு தெரியுமா உனக்கு?"

அவளுக்குக் கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போச்சு. "தங்கம் கிடைக்கிற அன்னைக்குத்தான் மாமா நீங்க எங்களோட உக்காந்து சாப்பிடுறீங்க"ன்னா.

செந்திலுக்கும் தெரிஞ்சிருக்கு. ரெண்டு பேருமா சேந்து, என்னைய, பேங்க்ல ஒருத்தன் ஏமாத்த முடியாத ஆளை, சொந்த வீட்டுல ஏமாத்தியிருக்காங்க. குழந்தைக்கு ஒளிச்சு வச்சு விளையாட்டுக் காட்டுவாங்கள்ல, அந்த மாதிரி. எனக்கு எவ்வளவு அவமானம்! தட்டை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

அப்புறம் நான் அந்த மேசைப் பக்கமே போகல. அவளும் இப்ப வந்ததும் தொணதொணக்கறதில்ல. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன் மாமா"ன்னு கதவுக்கு வெளிய நின்னு சொல்லிட்டுப் போயிருவா. வீடு அமைதியா இருக்கு. ரொம்ப அமைதியா இருக்கு. ஒரு நாள் நானே ரூமைத் திறந்து எட்டிப் பாத்தேன், ஆளு இருக்காங்களா இல்லையான்னு. ரெண்டு பேரும் மேசையிலதான் இருந்தாங்க, பேசாம சாப்பிட்டுக்கிட்டு. மறுபடி கதவைச் சாத்திக்கிட்டேன்.

இதுக்கு நடுவுல கீத்து கடை காணாமப் போயிருச்சு. போன்ல தேடுனா 'இந்தக் கடை மூடப்பட்டுள்ளது'ன்னு வருது. நான் எழுதுனதாலதான்! வாழ்நாள் முழுக்கத் தங்கத்தை மதிப்பிட்டவன்னு ஒருத்தன் எழுதுனா, அப்புறம் யாரு வாங்குவா? எழுதுனதை எடுக்கலாம்னு பாத்தா கடையோட சேந்து அதுவும் போயிருச்சு. செந்தில், "அப்பா, அந்த ஆளுக்கு ஒரு சாரி சொல்லிருங்க"ன்னான். சாரியா? நான் எழுதுனதுல என்ன தப்பு? அது நகைத் தங்கம், நகைத் தங்கம்னு எழுதுனேன். உரைகல்லு பொய் சொல்லல. யாரு போட்டாங்கங்கிறதுதான் மாறிப்போச்சு. அதனால சாரி இல்ல, ஒரு விளக்கம். நேர்ல போய் ஒரு விளக்கம் சொல்லிட்டு வரலாம்னு முடிவு பண்ணுனேன். மூட்டையில அனுப்புனவன் விலாசம் இருக்கும்ல. மங்கை, "நான் கார்ல கூட்டிட்டுப் போறேன் மாமா, லீவு போடுறேன்"னா. வேண்டாம்னுட்டேன். இது ரெண்டு சிநேகிதங்களுக்குள்ள உள்ள விஷயம்.

அங்க போய்ட்டுத்தான் இப்ப வர்றேன்.

பெண்டிகோவுல எறங்கி, பஸ்ஸைப் பிடிச்சு, ஒரு சின்ன ஊரு. நான் என்ன நெனச்சுக்கிட்டுப் போனேன்னா, ஒரு கிழவன் தனியா இருட்டு வீட்டுல உக்காந்திருப்பான், கடை போன துக்கத்துல, என்னையப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுக்குவான். பஸ்ல பூரா இங்கிலீசுல சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன். போனா, வாசல்ல ரெண்டு நாய் கொலைக்குது, உள்ள பேரப்பிள்ளைங்க ஓடுறாங்க, சமையக்கட்டுல ரேடியோ, யாரோ கேக்கு சுடுறாங்க. திருவிழா வீடு மாதிரி இருக்கு. கீத்து ஒரு பெரிய நாக்காலியில சாஞ்சிருக்கான், தோளுல கட்டு. ஆபரேசனாம். மண்ணு மூட்டை தூக்க முடியாதுன்னு கடையை மூடிட்டானாம்.

நான் நின்னுக்கிட்டே பேரைச் சொன்னேன். வைத்தியலிங்கம், சன்பரி.

அவன் கண்ணைச் சுருக்கிப் பாத்துட்டு, "நீங்க யாரு மேட், சரியா ஞாபகம் இல்லையே"ங்கிறான்.

ஒவ்வொரு மூட்டைக்கும் எழுதுவேனே, எங்க ஊர்ப் பட்டறைக் குப்பையெல்லாம் சொல்லியிருக்கேனே, கட்டைவிரல் அனுப்புவீங்களேன்னேன். அவன் பொஞ்சாதி மர்லீன் சிரிச்சுக்கிட்டே கையைத் துடைச்சுட்டு வந்தா. கட்டைவிரல் அனுப்புறது அவளாம். சீட்டு எழுதுறதும் அவதானாம். டிவி பாத்துக்கிட்டே ஒரு கட்டு எழுதி வச்சுக்குவாளாம், எல்லா மூட்டைக்கும் அதேதான். கீத்துக்குக் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்குமாம்.

சரி, நான் எழுதுன ஒத்த நட்சத்திரம்? அதையாவது படிச்சிருப்பான்ல. கேட்டேன். "அதெல்லாம் நான் படிக்கிறதில்ல மேட், படிச்சா தலைவலிதான்"னுட்டான். நாலு நாள் யோசிச்சு எழுதுனது. நான் அவன் பொழப்பைக் கெடுத்துட்டேன்னு எத்தனை ராத்திரி தூங்காம கெடந்தேன். நான் ஒண்ணும் கெடுக்கல. அவனுக்கு நான் நல்லதும் பண்ணல, கெட்டதும் பண்ணல. அது சந்தோசப்பட வேண்டிய விஷயந்தான், இல்ல? எனக்கு ஏன் அழுகை வந்துச்சுன்னு தெரியல.

இருந்தாலும் வந்ததுக்கு விளக்கத்தைச் சொல்லிருவோம்னு ஆரம்பிச்சேன். மண்ணுல தங்கம் போட்டது நீங்கன்னு நெனச்சுட்டேன்னேன். கீத்து விழுந்து விழுந்து சிரிக்கிறான், தோளைப் பிடிச்சுக்கிட்டு. "நான் போடறேன்ல மேட்! அதுதானே என் தொழிலே! ஓடை மண்ணுல இப்ப என்ன இருக்கு? ஆத்துத் தங்கத்தை வாங்கி அளந்து போட்டுத்தான் விக்கிறேன். கடையில எழுதியே போட்டிருக்கேனே, தங்கம் சேர்க்கப்பட்டதுன்னு." எழுதியிருந்துச்சாம். நான் அதைப் படிக்கல. படத்தை மட்டும் பாத்துட்டு வாங்குனேன்.

அப்ப முதல் மூட்டையிலேர்ந்து நானா கண்டுபிடிச்சதுன்னு ஒரு குந்துமணிகூட இல்லையா தம்பி? எல்லாம் யாரோ ஒருத்தர் எனக்காகப் போட்டு வச்சதா? கைராசி கைராசின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே.

அப்புறம் உங்க மூட்டையில கூடுதலாக் கிடைச்சது எப்படின்னு மர்லீன் கேட்டா. சொன்னேன். மருமக, தோடு, வாளி, நகம் தேய்க்கிற அரம், எல்லாம் சொன்னேன். நகம் தேய்க்கிற அரம்னதும் சிரிப்பான்னு கீத்தைப் பாத்தேன், அவன் சிரிக்கல. மர்லீன் மூக்கை உறிஞ்சிக்கிட்டா. இந்தப் பக்கம் பனி ஜாஸ்தி. அப்புறம் நான் கேக்காமலே எனக்கு இன்னொரு கோப்பை டீ ஊத்திக் குடுத்துட்டு, என் தோள்ல கையை வச்சுட்டுப் போனா. எதுக்குன்னு புரியல.

கிளம்பும்போது கீத்து பேரனை விட்டு இந்த மூட்டையைக் கொண்டாரச் சொன்னான். "காசு வேண்டாம் மேட். இது சும்மா ஓடை மண்ணு. இதுல நான் எதுவும் போடல. இருந்தா உண்டு, இல்லாட்டி இல்ல"ன்னான். தூக்கிட்டு வந்துட்டேன். எதுக்குத் தூக்கிட்டு வந்தேன்னு பெண்டிகோவுலேர்ந்து யோசிச்சுக்கிட்டு வர்றேன். இதுல ஒண்ணும் இருக்காது. எனக்குத் தெரியும், நான் மதிப்பீட்டாளர்.

இருங்க, போன் அடிக்குது. ம். ஏறிட்டேன். ம். இல்ல, குளிரல. ம், வர்றேன். வையி.

மங்கைதான். செந்தில் இன்னைக்கு வீட்டுல சமைக்கிறானாம், கத்திரிக்காக் குழம்பு. எனக்கும் மேசையில தட்டு வச்சாச்சாம். கீத்தைப் பாத்தீங்களா, என்ன சொன்னாருன்னு அவ ஒண்ணுமே கேக்கல பாருங்க. கேப்பான்னு பாத்தேன்.

இதுதான் சன்பரியா? அட, பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. அந்த மூட்டையைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க. பாருங்க, அந்த நீலக் கோட்டு, அதுதான் மங்கை. இந்தக் குளிர்ல கார்லயே உக்காந்திருக்கலாம்ல, பிளாட்பாரத்துல வந்து நிக்கணுமா? ஒவ்வொரு பெட்டியா எட்டிப் பாக்குறா. இங்க இருக்கேன், கண்ணு தெரியல அவளுக்கு.

கதவு திறக்கறதுக்குள்ள எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க தம்பி. இத்தனை நாளும் தங்கம் கிடைச்சுச்சு, போய் உக்காந்தேன். இன்னைக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. அவளும் இனிமே வாளியில ஒண்ணும் போடப் போறதில்ல. அது தெரிஞ்சும் தட்டு வச்சிருக்கா. வெறும் நானா போய் அந்த மேசையில உக்காந்தா, அவங்களுக்கு என்ன தம்பி கிடைக்கும்?